சோலார் போடச் சொல்கிறார் தௌக்கே (முதலாளி). அதற்கு முன் ஃபேக்டரிக்குள் எதைப் பார்ப்பது?

புக்கிட்மின்யாக்_வாசி:

வணக்கம். பினாங்கு புக்கிட் மின்யாக்கில் ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில் உற்பத்திப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இன்ஜெக்ஷன் மோல்டிங் (பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்துவது), 22 மெஷின், பாதிக்கு மேல் பழைய ஹைட்ராலிக். திங்கள் காலை தொடங்கினால் ஞாயிறு காலை வரை ஓட்டம். மாதம் 2 லட்சத்து 60 ஆயிரம் யூனிட் பக்கம் போகிறது.

இரண்டு தொல்லை ஒன்றாக வந்து நிற்கிறது. பாயான் லெப்பாஸில் இருக்கும் எங்கள் பெரிய கஸ்டமர் ஓர் எக்செல் தாளை அனுப்பி, ஒரு கிலோ பொருளுக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு கார்பன் என்று நிரப்பச் சொல்கிறார். அடுத்த வருட விலைப் பேச்சுக்கு முன் குறைப்புத் திட்டமும் வேண்டுமாம். தௌக்கே ஒரே பேச்சாக, "கூரை முழுக்க சோலார் போட்டுவிடு, தாளை நிரப்பி அனுப்பு" என்கிறார். 400 கிலோவாட்டுக்கு கொட்டேஷனும் வந்துவிட்டது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மோல்டிங் தளத்தில் நடந்தாலே அங்கங்கே பைப்பில் இருந்து புஸ் புஸ்ஸென்று கம்ப்ரசர் காற்று போகிற சத்தம் கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது? புதிதாக வந்த ஆற்றல் சட்டம் எங்கள் அளவுக்குப் பொருந்துமா?

கிள்ளான்_பையன்:

நான் சோலார் விற்கிறவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்கில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஒரு கிலோவாட் பேனல் வருடத்துக்கு 1,300 யூனிட் தரும். 400 கிலோவாட்டுக்கு 5 லட்சத்து 20 ஆயிரம். உங்கள் வருடக் கணக்கு 31 லட்சம் என்றால் ஆறில் ஒரு பங்கு போயிற்று. ஒரு முறை போட்டால் இருபது வருடத்துக்கு மேல் தலைவலி இல்லை. காற்றுக் கசிவைப் பிடித்து இந்த அளவு எங்கே வரப்போகிறது?

காற்றுப்பெட்டி:

வரும் தம்பி. பிறையில் கம்ப்ரசர் சர்வீஸ்தான் என் பிழைப்பு, கேளுங்கள்.

கம்ப்ரசருக்குள் போகும் மின்சாரத்தில் பத்து, பதினைந்து சதவீதம்தான் கடைசியில் வேலையாக மாறுகிறது. மீதி எல்லாம் சூடாகி வெளியே போகிறது. ஃபேக்டரிக்குள் இருப்பதிலேயே விலை கூடின சரக்கு காற்றுதான். பைப்பைத் திறந்தால் வருகிறதே என்று எல்லோரும் சும்மா வருவதாக நினைத்துக்கொள்கிறார்கள். கவனிப்பு இல்லாத இடத்தில் 20, 30 சதவீதம் கசிவிலேயே போகும். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் கம்ப்ரசரில் 3, 4 கிலோவாட் அதற்கென்றே உழைக்கும். வருடம் முழுக்க ஓடினால் 30 ஆயிரம் யூனிட். அப்படி எத்தனை ஓட்டை உங்கள் தளத்தில் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஞாயிறு எல்லா மெஷினும் நின்ற பிறகு கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் போட்டு, லோடில் (காற்றை அழுத்தித் தரும்போது) எத்தனை வினாடி, அன்லோடில் (சும்மா சுற்றும்போது) எத்தனை வினாடி என்று சில சுற்று எழுதுங்கள். லோடு நேரத்தை மொத்தச் சுற்று நேரத்தால் வகுத்தால், கம்ப்ரசர் தருகிற காற்றில் எத்தனை சதவீதம் கசிகிறது என்று வந்துவிடும். லோடு 40, அன்லோடு 60 என்றால் 40 சதவீதம். தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வர்ட்டர் கம்ப்ரசருக்கு இந்த வழி ஆகாது. அதில் திரையில் காட்டுகிற கிலோவாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தண்ணீர் வெளியேற்றும் வால்வு. நம் ஊர் ஈரத்துக்கு டேங்க், டிரையர், ஃபில்டர் எல்லாவற்றிலும் தண்ணீர் சேரும். டைமர் வால்வு வைத்திருப்பார்கள். அதில் துருவும் எண்ணெய்ச் சேறும் சிக்கிக்கொண்டால் மூடாமலே நிற்கும். கீழே வாளியில் எந்நேரமும் கொப்பளிக்கிற சத்தம் கேட்டால் அங்கே போய்ப் பாருங்கள்.

அழுத்தத்தையும் பாருங்கள். பல இடத்தில் 7.5, 8 என்று வைத்திருப்பார்கள், மெஷினுக்கு வேண்டியது 6-க்குள் இருக்கும். ஒரு பார் இறக்கினால் 6, 7 சதவீத மின்சாரம் குறையும். கசிவும் கூடவே இறங்கும்.

இரவுப்பணி:

அழுத்தத்தை இறக்கு என்று எழுதுவது சுலபம் அண்ணே. எங்கள் இடத்தில் யாரோ படித்துவிட்டு வந்து ஒரே நாளில் ஒரு பார் இறக்கினார்கள். நடுராத்திரி ரோபோ பிடியில் இருந்து பாகம் நழுவி விழ ஆரம்பித்தது. மோல்ட் மூடும்போது இடையில் மாட்டினால் என்ன செலவு என்று தெரியும்தானே? விடிவதற்குள் பழைய அளவைவிட மேலே ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே முறைக்கிறார்கள்.

நான் மெயின்டனன்ஸ் டெக்னீசியன். கசிவு எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. இரவில் இரண்டு மெஷின் நின்றாலே காதால் கேட்டுப் பிடித்துவிடலாம். சிவப்பு அட்டை கட்டிவிட்டு வருவோம். அந்த அட்டை மாதக்கணக்கில் அங்கேயே தொங்கும். ஏனென்றால் காற்று ட்யூபைச் சொருகும் எட்டு மில்லி புஷ் ஃபிட்டிங் வாங்க பர்ச்சேஸில் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். இரண்டு, மூன்று வெள்ளி (ரிங்கிட்) சாமானுக்கு!

அப்புறம், காற்று பைப்பால் தரையைக் கூட்டுவது, சட்டைக்குள் விட்டுக்கொள்வது. ஆபத்து என்று எல்லா மொழியிலும் போஸ்டர் ஒட்டியாயிற்று. ஆனால் மோல்டிங் தளத்தில் மதியம் 36, 37 டிகிரி. அந்தப் பையன்களுக்கு முதலில் ஒரு ஃபேன் வாங்கி வைக்கட்டும்.

காற்றுப்பெட்டி:

ஒரே நாளில் ஒரு பார் இறக்கச் சொன்னது யார்? 0.1, 0.1 ஆக, நடுவில் சில நாள் விட்டு இறக்க வேண்டும். எந்த மெஷின் முதலில் முனகுகிறதோ அதன் ஃபில்டரையும் அங்கே போகும் பைப்பின் அளவையும் பார்க்க வேண்டும். அடைத்த ஃபில்டர் ஒன்றே அரை பார் தின்னும். ரோபோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டேங்க் வைத்தால் போதும். ஒரு மெஷின் பட்டினி கிடக்கிறது என்பதற்காக 22 மெஷினுக்கும் அழுத்தத்தை ஏற்றி வைப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம்.

ஃபிட்டிங் விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கு மறுபேச்சு கிடையாது.

பாயான்பாரு_அக்கா:

எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி ஒன்றில் பதிவு பெற்ற ஆற்றல் மேலாளராக இருக்கிறேன். முதலில் சட்டம். ஆற்றல் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 2024, அதாவது சட்டம் 861, 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. 12 மாதத்தில் 21,600 கிகாஜூல், அதற்கு மேல் எடுக்கும் இடங்களுக்குத்தான் மேலாளர் நியமனம், ஆற்றல் மேலாண்மை முறை, தணிக்கை என்று கட்டாயம் வரும். யூனிட்டில் சொன்னால் 60 லட்சம், மாதம் 5 லட்சம். தம்பி ஃபேக்டரி அதில் பாதிதான். பழைய 2008 விதிமுறை மின்சாரத்தை மட்டும் எண்ணியது, ஆறு மாதத்தில் 30 லட்சம் யூனிட் என்று. இப்போது கொதிகலனுக்கு எரிக்கும் வாயு, டீசல் எல்லாம் கூட்டலில் சேரும். கொதிகலன் வைத்திருக்கிற உணவு ஃபேக்டரிக்காரர்கள் இதைக் கவனிக்கவும்.

சட்டம் கேட்காவிட்டாலும் கஸ்டமர் கேட்கிறாரே. அதனால் மின்சார நிறுவனமான தெனாகாவிடம் உங்கள் மீட்டரின் அரைமணி நேர அளவீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஞாயிறு மதியம் 3 மணிக் கோட்டை மட்டும் பாருங்கள். ஒரு மெஷினும் ஓடாத நேரத்தில் எத்தனை கிலோவாட் இழுக்கிறது? அந்த எண்ணுக்கு ஒரு கிலோ பொருள்கூட கணக்குக் காட்ட முடியாது. நான் எந்த ஃபேக்டரிக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

கிள்ளான் தம்பிக்கு ஒன்று. ஞாயிறு ஃபேக்டரி நிற்கும், சூரியன் நிற்காது. மிச்ச சோலார் மின்சாரத்தை பில்லில் கழித்துக்கொடுத்த நெம் 3.0 திட்டம் 2025 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. ஞாயிறு உற்பத்தி எங்கே போகிறது, அதற்கு என்ன விலை என்று உங்கள் கொட்டேஷனில் தனியாக எழுதுவீர்களா?

கிள்ளான்_பையன்:

நியாயமான கேள்விதான் அக்கா. ஞாயிறு சுமை தெரியாமல் அளவு முடிவு பண்ணக் கூடாது. நான் போட்டுக் கொடுத்த கொட்டேஷன் இல்லை அது, ஆனால் அந்த வரி இல்லாமல் நிறையப் பேர் கொடுக்கிறார்கள்.

திருகாணி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சிம்பாங் அம்பாட்டில் போல்ட், நட் செய்கிறோம், கொஞ்சம் ஐரோப்பாவுக்குப் போகிறது. அங்கே எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரி 1 முதல் முழு அமல். சான்றிதழ் விற்பனை 2027-இல். போன வருடம் எங்கள் மீட்டிங்கில் எல்லோரும் எல்ஈடி விளக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். விதியைப் படித்துப் பார்த்தால், இரும்புப் பொருளுக்கு அவர்கள் எண்ணுவது நேரடிப் புகையை மட்டும்தான். நாம் வாங்கும் மின்சாரம் அந்தக் கணக்கில் வராது. ஆனால் வாங்கும் கம்பியின் கார்பன் முழுக்க நம் தலையில். உலையில் தாது உருக்கிய கம்பியா, பழைய இரும்பை மின் உலையில் உருக்கிய கம்பியா என்பதுதான் எங்கள் எண்ணைத் தீர்மானிக்கிறது. ஆக, கம்பி சப்ளையரைக் கேட்காமல் விளக்கை மாற்றி அந்தத் தாளுக்கு ஒன்றும் ஆகாது. கரன்ட் பில்லுக்கு ஆகும், அது வேறு.

பிளாஸ்டிக் அந்தப் பட்டியலில் இல்லை, உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

பில் பக்கத்தையும் யாராவது பேச வேண்டுமே. 2025 ஜூலை 1 முதல் கட்டண அமைப்பே மாறிவிட்டது. ஆற்றல், திறன், நெட்வொர்க், சில்லறை என்று தனித்தனி வரி. உச்ச நேரமும் முன்பு மாதிரி காலை 8 முதல் இரவு 10 இல்லை. திங்கள் முதல் வெள்ளி, மதியம் 2 முதல் இரவு 10 வரை மட்டும். நேர வாரியான கட்டணத்தில் இருந்தால், கழிவு பிளாஸ்டிக் அரைக்கிற கிரஷரை மதியத்தில் ஓட்டாமல் காலையிலேயே முடித்துவிடலாம். செலவே இல்லாத வேலை. பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கு, 0.85-க்குக் கீழே போனால் அபராதம் வேறு. பழைய ஹைட்ராலிக் மோட்டார்கள் அரைச் சுமையில் ஓடினால் அது சரிந்துகொண்டே போகும். அதைச் சரிக்கட்டும் கபாசிட்டர் பேங்கில் செத்துப்போன படிகள் எத்தனை என்று பாருங்கள்.

பாயான்பாரு_அக்கா:

சரிதான். ஆனால் கஸ்டமர் தாளில் இது எதுவும் ஏறாது. கிரஷரைக் காலையில் ஓட்டினாலும் மாலையில் ஓட்டினாலும் யூனிட் அதே யூனிட். கபாசிட்டரும் அப்படித்தான், அபராதம் போகும், கார்பன் போகாது. இரண்டையும் ஒரே திட்டத்தில் எழுதி அனுப்பினால் தணிக்கைக்காரர் கேட்பார். தீபகற்ப மின்சாரத்தில், 2022 கணக்குப்படி, ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் கார்பன், 0.77 என்று போட்டுக்கொள்ளலாம். யூனிட் குறைந்தால்தான் அது குறையும்.

புக்கிட்மின்யாக்_வாசி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன ஞாயிறு கோட்டைப் பார்த்தோம். 88 கிலோவாட்! மெஷின் ஒன்றுகூட ஓடவில்லை. கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு மெயின்டனன்ஸ் தம்பியோடு ஒவ்வொரு போர்டாகத் திறந்தோம். கம்ப்ரசர் சராசரி 30. மோல்டுக்குக் குளிர்நீர் தரும் சில்லரும் அதன் இரண்டு பம்பும் 33. பிளாஸ்டிக் மணிகளைக் காய வைக்கும் ஹாப்பர் டிரையர் சில ஓடிக்கொண்டே இருக்கின்றன, 14. மீதி விளக்கு, ஆபீஸ் ஏசி, சர்வர் அறை.

காற்றுப்பெட்டி அண்ணன் சொன்ன ஸ்டாப்வாட்ச் கணக்கும் போட்டோம். லோடு 34 வினாடி, அன்லோடு 41. அதாவது 45 சதவீதம். உள்ளே யாருமே இல்லாத ஃபேக்டரிக்குக் கம்ப்ரசர் பாதி நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு ஞாயிறுக்கு 2,112 யூனிட். வருடத்துக்கு 1 லட்சத்து 10 ஆயிரம். யூனிட்டுக்கு 40 காசு என்று குறைத்துப் போட்டாலும் 44 ஆயிரம் வெள்ளி, கார்பன் 85 டன் பக்கம். ஏன் ஓடுகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். சில்லரை நிறுத்தினால் திங்கள் காலை தொந்தரவு பண்ணுமாம். கம்ப்ரசரை யார் நிறுத்துவது என்று யாருக்கும் சொல்லப்படவே இல்லை.

காற்றுப்பெட்டி:

அந்த 45 சதவீதம் ஞாயிறு மட்டும் கசிகிறது என்று நினைக்காதீர்கள். திங்கள் முதல் சனி வரை அதே ஓட்டைதான், மெஷின் சத்தத்தில் கேட்பதில்லை. ஞாயிறு கம்ப்ரசரை நிறுத்தினால் 24 மணி நேரத்துக்குத்தான் லாபம், ஓட்டையை அடைத்தால் 168 மணி நேரத்துக்கும். மெயின் லைனில் இருந்து பிரியும் கிளைகளில் வால்வு இருக்கிறதா? மெஷின் எடுத்துவிட்டுப் போன இடத்தில் பழைய பைப் தொங்கிக்கொண்டிருக்கும். அதை முதலில் வெட்டி அடையுங்கள். கம்ப்ரசர் அறைக்கு வெளிக்காற்று வருகிறதா என்றும் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே அதன் சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருந்தால் அதற்கும் இரண்டு, மூன்று சதவீதம் கொடுக்கிறீர்கள்.

பாயான்பாரு_அக்கா:

சில்லரின் செட்பாயிண்ட், அதாவது தண்ணீருக்கு வைத்திருக்கும் அளவு, எத்தனை டிகிரி?

புக்கிட்மின்யாக்_வாசி:

8 டிகிரி. எப்போதும் அதுதான்.

பாயான்பாரு_அக்கா:

உங்கள் மோல்டுகள் வியர்க்குமே? நம் ஊரில் வெளிக்காற்றின் பனிநிலை 24 டிகிரி சுற்றி இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த எந்த இரும்பிலும் தண்ணீர் கோக்கும். மோல்ட் துரு, பொருளில் தண்ணீர்க் கறை, அதைத் துடைக்க ஓர் ஆள். எட்டு டிகிரிக்குக் காசு கொடுத்து இத்தனையும் வாங்குகிறீர்கள்.

எந்த மோல்டுக்கு உண்மையில் குளிர்நீர் வேண்டும் என்று டூலிங் ஆளோடு உட்கார்ந்து பிரியுங்கள். ஹைட்ராலிக் எண்ணெய்க் குளிர்விப்புக்குக் கூலிங் டவர் தண்ணீரே தாராளம். தடித்த பாகங்கள் சிலவற்றுக்கும் அதுவே போதும், சைக்கிள் நேரம் ஏறுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். மீதிக்கு 8-ஐ 12-க்கு ஏற்றுங்கள். ஒரு டிகிரிக்கு 2, 3 சதவீதம் என்று சில்லர் மின்சாரம் இறங்கும்.

பம்புக்கு இன்வர்ட்டர் இருக்கிறதா? வால்வைப் பாதி மூடி ஓட்டுகிறார்கள் என்றால் அங்கே பணம் கிடக்கிறது. தண்ணீர் சுற்றி வரும் குழாயில் பம்ப் வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் மின்சாரம் பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிக் கணக்கு அது.

இரவுப்பணி:

டிரையரைப் பற்றி ஒன்று. எந்த வகைப் பிளாஸ்டிக்குக்கு ஓடுகிறது என்று பாருங்கள். ஏபிஎஸ் என்றால் 80 டிகிரியில் இரண்டு, மூன்று மணி நேரம் காய வைக்க வேண்டும், பாலிகார்பனேட்டுக்கு 120. ஆனால் பிபி, பிஇ ஈரம் குடிக்காது, பொதுவாக அதற்கு டிரையரே தேவையில்லை. மோல்ட் மாற்றும்போது மெட்டீரியலை மாற்றுவார்கள், டிரையர் சுவிட்சை யாரும் தொட மாட்டார்கள். எங்கள் தளத்தில் பிபிக்கு ராத்திரி பகலாக டிரையர் ஓடியது. செட்டப் தாளில் "டிரையர்: நிறுத்து" என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் நின்றது.

திருகாணி:

பேரல் (பிளாஸ்டிக் உருகும் குழாய்) ஹீட்டருக்கு உறை போட்டால் நல்லது என்கிறார்களே, உண்மையா? பக்கத்து ஃபேக்டரியில் போட்டார்கள், இரண்டு மாதத்தில் கழற்றிவிட்டார்கள்.

இரவுப்பணி:

உண்மைதான். 220, 240 டிகிரியில் பேரல் திறந்தவெளியில் காய்ந்துகொண்டிருக்கிறது. உறை போட்ட மெஷினில் ஹீட்டர் கரன்ட் கால் பங்குக்கு மேல் குறைந்ததை நாங்களே அளந்தோம், பக்கத்தில் நிற்கவும் முடிகிறது. ஆனால் எல்லா ஸோனிலும் போடக் கூடாது. ஸ்குரூ வேகமாகச் சுற்றும்போது நடு ஸோனில் உரசலாலேயே சூடு ஏறும். அங்கே மூடிவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் செட்பாயிண்டைத் தாண்டிப் போகும், மெட்டீரியல் மஞ்சளாகும். பக்கத்து ஃபேக்டரியில் கழற்றினது அதனால்தான் என்று நினைக்கிறேன். கன்ட்ரோலரில் எந்த ஸோன் தானாகவே சூடு தாண்டுகிறது என்று பார்த்து, அதை விட்டுவிட்டு மற்றதில் போடுங்கள். தெர்மோகப்பிள் வயரை உறைக்குள் நசுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

எலக்ட்ரிக் மெஷின் வாங்கினால் பாதி மின்சாரம் மிச்சம் என்று சேல்ஸ்மேன் சொல்கிறார். வாங்கலாமா?

பாயான்பாரு_அக்கா:

பழைய நிலைவேகப் பம்ப் ஹைட்ராலிக்கோடு ஒப்பிட்டால் பாதி என்பது பொய் இல்லை. ஆனால் மிச்சமாகும் மின்சாரத்தை மட்டும் வைத்து ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட்டால் முதல் திரும்ப நாளாகும். தேய்ந்த மெஷின் மாற்றும் முறை வரும்போது எலக்ட்ரிக் வாங்குங்கள். நடுவில், பெரிய மெஷின்களுக்கு சர்வோ பம்ப் மாற்றிப் போடும் ஆட்கள் பிறையிலேயே இருக்கிறார்கள். மெஷின் சும்மா குளிர்ந்துகொண்டிருக்கும் நொடிகளில் பழைய பம்ப் எண்ணெயைச் சுற்றிக்கொண்டே இருக்கும், சர்வோ நிற்கும். குளிரும் நேரம் நீளமான வேலைகளில் அதனால்தான் லாபம் அதிகம். எந்த மெஷின் என்று சைக்கிள் நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

புக்கிட்மின்யாக்_வாசி:

தௌக்கேயிடம் ஞாயிறு கோட்டைப் படமாக அச்சடித்துக் காட்டினேன். சதவீதம் எல்லாம் சொல்லவில்லை, 44 ஆயிரம் வெள்ளி என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சோலார்காரரைக் கூப்பிட்டு, ஞாயிறு சுமை குறைந்த பிறகு வரும் அளவுக்குப் புதுக் கொட்டேஷன் கேட்டிருக்கிறார்.

கஸ்டமர் தாளில் இன்னொரு பெட்டி இருக்கிறது: பசுமை மின்சாரம் வாங்குகிறீர்களா என்று. தெனாகாவின் பசுமைக் கட்டணத்தில் சேர்ந்துவிட்டால் கார்பன் பூஜ்யம் என்று எழுதலாமா? அது இதைவிடச் சுலபமாக இருக்கிறதே என்கிறார் தௌக்கே.

பாயான்பாரு_அக்கா:

எழுதலாம், ஆனால் ஒரு பெட்டியில் மட்டும். ஸ்கோப் 2-ஐ, அதாவது வாங்கும் மின்சாரத்தின் கார்பனை, இரண்டு விதமாகக் கேட்பார்கள். வாங்கின சான்றிதழை வைத்து ஒன்று, உள்ளூர் மின்கட்டமைப்பின் சராசரியை வைத்து ஒன்று. முதலாவது பூஜ்யம் ஆகலாம், இரண்டாவது அசையாது. கிலோவுக்கு எத்தனை யூனிட் என்ற கட்டமும் அசையாது. அதோடு பசுமைக் கட்டணத்தில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கூடுதல் காசு. கசிகிற காற்றுக்கும் அந்தக் கூடுதல் காசைச் சேர்த்துக் கொடுப்பீர்களா? முதலில் யூனிட்டை இறக்குங்கள், மிச்சத்துக்கு வாங்குங்கள்.

தாள் நிரப்பும்போது எந்த மாதத்தை அடிப்படையாக வைக்கிறீர்கள் என்று பார்த்து வையுங்கள். சீனப் பெருநாள் மாதத்தை எடுக்காதீர்கள். பாதி மாதம் நின்று ஓடியதில் கிலோவுக்கு யூனிட் எகிறி நிற்கும், அடுத்த வருடம் சும்மாவே குறைந்த மாதிரி தெரியும். கஸ்டமரின் ஆட்கள் அதை உடனே கண்டுபிடிப்பார்கள். 12 மாதக் கூட்டுத்தொகையை எடுங்கள்.

இரவுப்பணி:

ஃபிட்டிங்கை மறந்துவிடாதீர்கள் அண்ணே. ஆறு, எட்டு, பத்து மில்லி மூன்றிலும் ஒரு பெட்டி, ட்யூப் ஒரு சுருள், ட்யூப் கட்டர் இரண்டு. இதை மெயின்டனன்ஸ் அலமாரியிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். பர்ச்சேஸ் ரிக்வெஸ்ட் இல்லாமல் எடுக்கலாம் என்று தௌக்கே ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். கத்தரிக்கோலால் ட்யூபைக் கோணலாக வெட்டிச் சொருகினால் புது ஃபிட்டிங்கும் கசியும், அதனால்தான் கட்டர்.

புக்கிட்மின்யாக்_வாசி:

கையெழுத்து வாங்கிவிட்டேன், மாதம் 300 வெள்ளி வரை. இந்த ஞாயிறு கம்ப்ரசர், சில்லர் இரண்டையும் நிறுத்திப் பார்க்கிறோம். திங்கள் காலை சில்லர் எத்தனை மணிக்குத் திரும்ப ஓட வேண்டும்? மெஷின் 7 மணிக்குத் தொடங்கும்.

பாயான்பாரு_அக்கா:

ஞாயிறு இரவே ஆள் வைத்து ஓட்டாதீர்கள். டைமரில் 6 மணிக்குப் போட்டுப் பாருங்கள், டேங்க் எத்தனை நிமிடத்தில் 12 டிகிரிக்கு வருகிறது என்று எழுதி வைத்து அடுத்த வாரம் திருத்திக்கொள்ளுங்கள். பேரல் ஹீட்டர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாமல் ஐந்து ஐந்து மெஷினாகப் போடச் சொல்லுங்கள். பெரிய மெஷின் சூடேற நேரம் எடுக்கும், அதை முதலில்.